41 தாள்கள், எண்ணுக்கு ஒரே இடம்: ஒரு வரைபடத் தொகுப்பை ஷீட் செட்டுக்குக் கொண்டுவந்த நிகழ்வு ஆய்வு

முதல் தளத்தின் பிளானில், படிக்கட்டை ஒட்டி ஒரு வட்டக் குறி. மேலே 2, கீழே ஏ-20: கைப்பிடிக் கம்பியின் டீடெய்ல் (நுணுக்கப் படம்) ஏ-20 தாளில் 2ஆம் படம் என்று பொருள். படிப்பவர் ஏ-20ஐ எடுத்துப் பார்க்கிறார். அங்கே 2 என்ற எண்ணில் ஒரு படம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கைப்பிடிக் கம்பியின் டீடெய்ல் அல்ல, கழிவறையின் பெரிதாக்கிய பிளான். குறி வெறுமையாக இருந்திருந்தால் அவர் கேட்டிருப்பார். தவறான இடத்தைக் காட்டும் குறியை யாரும் கேள்வி கேட்பதில்லை, நம்பிவிடுகிறார்கள்.

இந்த ஆய்வு அந்த ஒரு குறியிலிருந்து தொடங்குகிறது. அதற்கான மருந்து ஷீட் செட், அதாவது எல்லாத் தாள்களின் எண்களையும் தலைப்புகளையும் ஒரே இடத்தில் வைக்கும் ஆட்டோகேட் வசதி. எடுத்துக்கொண்ட மாதிரி, நான்கு தள அலுவலகக் கட்டடத்தின் வரைபடத் தொகுப்பு. கட்டடக்கலைத் தாள்கள் 27, கட்டமைப்புத் தாள்கள் 13, ஆக 40. எல்லாம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தவை. எண்கள் வரிசையாக ஓடின. ஏ-1, ஏ-2 பொதுத் தாள்கள். ஏ-3 முதல் ஏ-7 வரை பிளான்கள். பிறகு கூரை உட்பக்கப் பிளான் நான்கு, எலிவேஷன் (வெளிமுகத் தோற்றம்) இரண்டு, ஏ-14, ஏ-15இல் கட்டடத்தை வெட்டிக் காட்டும் செக்‌ஷன்கள். ஏ-16 முதல் ஏ-19 வரை பெரிதாக்கிய பிளான்கள். ஏ-20 முதல் ஏ-25 வரை டீடெய்ல்கள். கடைசி இரண்டில் கதவு, ஜன்னல் அட்டவணைகள்.

படிக்கட்டு வடிவம் மாறியதால் மூன்றாவது செக்‌ஷன் தாள் ஒன்று தேவைப்பட்டது. அது ஏ-16 ஆக நடுவில் நுழைந்தது. அதற்குப் பின்னால் இருந்த 12 தாள்களும் ஒவ்வொரு எண் தள்ளிப்போயின. டீடெய்ல் தாள் ஏ-20 இப்போது ஏ-21. முன்பு ஏ-19 ஆக இருந்த கழிவறைத் தாள்தான் புதிய ஏ-20.

ஒரு தாளின் எண் எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருந்தது என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும். டைட்டில் பிளாக்கில் (தாளின் விவரக் கட்டம்) ஒன்று, லேஅவுட் (அச்சுக்குப் போகும் பக்கம்) தாவலின் பெயரில் ஒன்று, கோப்பின் பெயரில் ஒன்று, முதல் தாளின் வரைபடப் பட்டியலில் ஒன்று. 12 தாளுக்கு 48 திருத்தங்கள். இந்த 48ஐயும் செய்து முடித்தார்கள், ஏனென்றால் அவை கண்ணில் படும் இடங்கள். விட்டுப்போனவை மற்றத் தாள்களில் சிதறிக் கிடந்த வட்டக் குறிகளும், குறிப்புகளில் 'ஏ-22ஐப் பார்க்க' என்று தட்டச்சு செய்த வாசகங்களும்தான். வரைந்தவரின் கவனக்குறைவு என்று இதைச் சொல்வது சரியல்ல. ஒரே எண்ணுக்குப் பல நகல்கள் இருந்தால், என்றாவது ஒரு நகல் பின்தங்கியே தீரும்.

முதலில் எண்முறை

மென்பொருளைத் தொடும் முன் எண்முறையை மாற்றியாக வேண்டும். தொடர் எண்ணில் எந்தச் சேர்க்கையும் பின்னால் இருப்பதை எல்லாம் நகர்த்தும். அமெரிக்கத் தேசிய கேட் (கணினி வழி வரைதல்) தரத்தின் முறை இதற்கு நல்ல தீர்வு: துறைக்கு ஓர் எழுத்து, தாளின் வகைக்கு ஓர் இலக்கம், வரிசைக்கு இரண்டு இலக்கங்கள். வகை இலக்கத்தில் 0 பொது, 1 பிளான், 2 எலிவேஷன், 3 செக்‌ஷன், 4 பெரிதாக்கியவை, 5 டீடெய்ல், 6 அட்டவணை. 7ம் 8ம் பயனர் விருப்பம், 9 முப்பரிமாணக் காட்சி.

இதன்படி முதல் தளப் பிளான் ஏ-102, புதிய படிக்கட்டு செக்‌ஷன் ஏ-303, கைப்பிடி டீடெய்ல் ஏ-501. கூரை உட்பக்கப் பிளான்களுக்கு ஏ-111 முதல் ஏ-114 வரை கொடுத்தால், தளப் பிளான்களுக்கு இடையில் இடம் மிச்சமிருக்கும். செக்‌ஷன் இன்னும் நான்கு கூடினாலும் டீடெய்ல் தாள்களின் எண் அசையாது. பாதி வியாதி இங்கேயே குணமாகிவிடுகிறது.

கோப்புகளின் பிரிவு

வரைவது ஒரு கோப்பில், தாள் இன்னொரு கோப்பில். தளம் ஒன்றுக்கு ஒரு மாடல் கோப்பு. அதன் மாடல் ஸ்பேஸில் உண்மை அளவில் வரைந்த கட்டடம், தாள் என்று எதுவும் அதில் இல்லை. தாள் கோப்பில் ஒரே ஒரு லேஅவுட். மாடல் கோப்புகள் எக்ஸ்ரெஃபாக, அதாவது வெளியிலிருந்து இணைத்துக் காட்டும் கோப்புகளாக, வருகின்றன. வியூபோர்ட் (மாடலைத் தாளில் காட்டும் சன்னல்), குறிகள், குறிப்புகள், டைட்டில் பிளாக் ஆகியவை அதில்.

ஒரு கோப்பில் பத்து லேஅவுட் வைத்தால் வேலை சுலபம் என்று தோன்றும். ஒருவர் கோப்பைத் திறந்த நொடியில் மற்ற ஒன்பது தாளும் மற்றவர்களுக்குப் பூட்டிப்போகும். தனியாக வேலை செய்பவருக்கு அது பரவாயில்லை. இருவர் என்றாலே ஒரு கோப்புக்கு ஒரு தாள்தான் சரி. அதோடு, தாள் கோப்பை எந்தக் கோப்பிலும் எக்ஸ்ரெஃபாக இணைக்கக் கூடாது. அப்போதுதான் அதன் பெயரை மாற்றும்போது வேறு எதுவும் உடையாது.

எக்ஸ்ரெஃப் பாதை சார்புப் பாதையாக (கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுவது) இருக்கட்டும். ஆட்டோகேட் 2018 முதல் அதுவே இயல்பு நிலை. ரெஃப்பாத்டைப் என்ற மாறியின் (மென்பொருளின் அமைப்பு மதிப்பு) மதிப்பு 1. அதற்கு முந்தைய பதிப்புகளில் தொடங்கிய கோப்புகளில் முழுப் பாதை ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை எக்ஸ்ரெஃப் பலகத்தில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, பாதை வகையைச் சார்பு என்று மாற்றிவிடுங்கள். வட்டு எழுத்தோ சர்வர் பெயரோ மாறினால் முழுப் பாதைகள்தான் முதலில் அறுந்துபோகும்.

அச்சுக்கோடுகள் (கிரிட் கோடுகள்) கோப்பில் ஒரு சிக்கல் வந்தது. தளக் கோப்புகள் ஒவ்வொன்றிலும் அது 'அட்டாச்' முறையில் இணைந்திருந்தது. கூரை உட்பக்கத் தாளில் தளக் கோப்பும் வந்தது, கூரைக் கோப்பும் வந்தது, இரண்டின் வழியாகவும் அச்சுக்கோடுகள் வந்தன. ஒரு நகல் சிறிது விலகி இருந்தபோதுதான் கோடு தடிமனாகத் தெரிந்து பிரச்சினை வெளிப்பட்டது. 'ஓவர்லே' முறைக்கு மாற்றினால், அச்சுக்கோடுகள் தளக் கோப்பைத் திறப்பவருக்கு மட்டும் தெரியும். தளக் கோப்பை இழுக்கும் அடுத்த கோப்புக்குப் போகாது. பிறகு ஒவ்வொரு தாள் கோப்பிலும் அச்சுக்கோடுகளைத் தனியாக ஒருமுறை இணைத்தால் போதும்.

டைட்டில் பிளாக்கை எக்ஸ்ரெஃபாக வைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். சட்டகக் கோடுகள், நிறுவன முத்திரை, மாறாத வாசகங்கள் ஆகியவற்றை வைக்கலாம், வைப்பதே நல்லது. தாளுக்குத் தாள் மாறும் எண்ணையும் தலைப்பையும் அப்படி வைக்க முடியாது. எக்ஸ்ரெஃபுக்குள் இருக்கும் ஆட்ரிபியூட்டுக்கு (பிளாக்கில் மதிப்பை நிரப்பும் இடம்) எல்லாத் தாளிலும் ஒரே மதிப்புதான். ஆகவே சட்டகம் எக்ஸ்ரெஃப், அதன் மேல் எண், தலைப்பு, தேதி, திருத்த எண் கொண்ட சின்ன பிளாக் (ஒரே பொருளாகச் சேர்த்த வரைகூறு) ஒன்று ஒவ்வொரு லேஅவுட்டிலும்.

ஷீட் செட்டை உருவாக்குதல்

ஷீட் செட் மேனேஜர் ஆட்டோகேட் 2005 பதிப்பிலிருந்து இருக்கிறது. கண்ட்ரோலும் 4ம் அழுத்தினால் பலகம் திறக்கும். தொகுப்பின் விவரங்கள் அனைத்தும் டிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் சேமிக்கப்படும். வரைபடங்கள் அதற்குள் போவதில்லை. எந்தத் தாள், எந்தக் கோப்பில், எந்த லேஅவுட், என்ன எண், என்ன தலைப்பு என்ற பதிவுகள் மட்டுமே. தொகுப்பிலிருந்து ஒரு தாளை நீக்கினாலும் கோப்பு அழியாது.

இறக்குமதிக்கு முன் ஒரு சுத்தம் தேவை. பயன்படாத லேஅவுட்கள் கோப்பில் கிடந்தால் அவையும் தாள்களாக வந்து சேரும், முதலில் நீக்குங்கள். பிறகு 'எக்ஸிஸ்டிங் டிராயிங்ஸ்' வழியைத் தேர்ந்தெடுங்கள். இம்போர்ட் ஆப்ஷன்ஸில் கோப்பின் பெயரைத் தலைப்புக்கு முன்னால் சேர்க்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் 41 தலைப்புகளையும் கையால் திருத்த வேண்டிவரும். கோப்புறை அமைப்பைக் கொண்டு துணைத் தொகுப்புகள் உருவாக்கும் தேர்வு, கோப்புறைகள் ஒழுங்காக இருந்தால் மட்டும் பயன்.

அடுத்து 'ரீநேம் அண்ட் ரீநம்பர்'. முதல் தாளில் திறந்து எண்ணையும் தலைப்பையும் இட்டு, 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போனால் 41 தாளையும் ஒரே அமர்வில் முடிக்கலாம். லேஅவுட் பெயரும் கோப்புப் பெயரும் எண்ணோடு சேர்ந்து மாறுவதற்கான தேர்வுகளும் அங்கேயே உள்ளன. கோப்புப் பெயர் மாற, அந்தக் கோப்பை அப்போது யாரும் திறந்து வைத்திருக்கக் கூடாது. வரிசை எண்ணைப் பொறுத்தது அல்ல; பலகத்தில் தாள்கள் மேலிருந்து கீழாக எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றனவோ, அதே வரிசையில்தான் பட்டியலும் பிடிஎஃப்பும் வரும். ஏ-303ஐப் புதிதாகச் சேர்த்தால் அதை ஏ-302க்குக் கீழே இழுத்து வைப்பது நம் வேலை.

டைட்டில் பிளாக்கின் எண் கட்டத்தில் 'கரண்ட்ஷீட்நம்பர்' ஃபீல்டு (பதிவிலிருந்து மதிப்பைத் தானே எடுத்துக் காட்டும் வாசகம்), தலைப்புக் கட்டத்தில் 'கரண்ட்ஷீட்டைட்டில்'. திட்டத்தின் பெயர், வெளியீட்டு நிலை போன்றவை ஷீட் செட்டின் கஸ்டம் பண்புகளாக ஒருமுறை எழுதப்பட்டு, எல்லாத் தாளும் அவற்றைப் படிக்கும். ஏற்கெனவே தட்டச்சு செய்த மதிப்புகளோடு 41 பிளாக்குகள் இருந்தன. பிளாக்கின் வரையறையை மாற்றி ஆட்சிங்க் கட்டளை கொடுத்தால் போதும் என்று பலர் முயல்வார்கள். இருக்கும் ஆட்ரிபியூட்டின் மதிப்பை ஆட்சிங்க் தொடாது, பழைய எண்ணே நிற்கும். ஒரு தாளில் ஃபீல்டுகளைச் சரியாக அமைத்து, அந்த பிளாக்கை 0,0 அடிப்படைப் புள்ளியுடன் காப்பிபேஸ் செய்து, மற்றத் தாள்களில் பழையதை அழித்துவிட்டு 0,0இல் ஒட்டுவதே குறுக்கு வழி. 'கரண்ட்' என்று தொடங்கும் ஃபீல்டு தான் எந்தத் தாளில் நிற்கிறதோ அந்தத் தாளின் எண்ணைக் கேட்கும். ஆகவே ஒட்டியவுடன் சரியான எண் வரும்.

அந்த வட்டக் குறி, மிக அருகில்

ஏ-102இல் படிக்கட்டை ஒட்டி இருக்கும் குறியை இப்போது பிரித்துப் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு, இரண்டு ஆட்ரிபியூட்டுகள். மேல் ஆட்ரிபியூட்டின் இயல்பு மதிப்பு 'ஷீட்செட்பிளேஸ்ஹோல்டர்' (இடநிரப்பி) வகை ஃபீல்டு, அதில் வியூ நம்பர். கீழ் ஆட்ரிபியூட்டிலும் அதே வகை, ஷீட் நம்பர். இரண்டுக்கும் ஹைப்பர்லிங்க் இணைப்புத் தேர்வு இயக்கப்பட்டிருக்கிறது. ஆட்ரிபியூட்டுகள் 'பிரீசெட்' ஆக இருக்கின்றன. இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மதிப்பு கேட்டு, யாராவது கையால் தட்டச்சு செய்துவிடுவார்கள்.

இந்த பிளாக் இருக்கும் கோப்பை ஷீட் செட் பண்புகளில் 'கால்அவுட் பிளாக்ஸ்' (சுட்டுக்குறி பிளாக்குகள்) வரிசையில் குறிப்பிட வேண்டும். பிறகு குறியை வைக்கும் வழி ஒன்றே: ஷீட் வியூஸ் தாவலில் கைப்பிடி டீடெய்லின் காட்சியை வலது கிளிக் செய்து, 'பிளேஸ் கால்அவுட் பிளாக்' கொடுத்து, தாளில் இடம் காட்டுவது. அந்த நேரத்தில்தான் இடநிரப்பி ஃபீல்டு எந்தக் காட்சியைச் சார்ந்தது என்று முடிவாகிறது. சாதாரண இன்சர்ட் கட்டளையில் கொண்டுவந்தால் அதற்கு எதனோடும் உறவு இருக்காது, எண்ணும் வராது.

ஷீட் வியூஸ் தாவலில் ஒரு காட்சி தெரிய வேண்டுமானால் அதற்குப் பெயர் இருக்க வேண்டும். புதிதாகச் செய்யும்போது மாடல் வியூஸ் தாவலிலிருந்து காட்சியைத் தாளில் வைத்தால் வியூபோர்ட்டும் பெயரும் லேபிளும் ஒன்றாக வரும். இங்கே வியூபோர்ட்கள் ஏற்கெனவே இருந்தன. மீண்டும் உருவாக்கத் தேவையில்லை. லேஅவுட்டில் நின்று, டீடெய்ல் இருக்கும் பகுதியை மட்டும் சன்னலிட்டு, வியூ கட்டளையால் பெயர் கொடுத்துச் சேமித்தால் அது தாவலில் தோன்றும். அங்கே வலது கிளிக் செய்து எண் 2 என்று கொடுங்கள். படத்தின் அடியில் உள்ள லேபிளும் அதே பதிவிலிருந்து எண், தலைப்பு, அளவுவிகிதம் மூன்றையும் எடுத்துக்கொள்ளும்.

குறிப்பு வாசகங்களையும் விடக் கூடாது. 'ஏ-501ஐப் பார்க்க' என்ற வரியில் எண்ணுக்குப் பதிலாக 'ஷீட்செட்' ஃபீல்டைச் செருகி, தாள் மரத்தில் ஏ-501ஐச் சுட்டி, ஷீட் நம்பர் பண்பைத் தேர்ந்தெடுங்கள்.

தட்டச்சு எண்கள் எங்கேயாவது மிச்சம் இருக்கின்றனவா என்று கண்டுபிடிக்க, ஃபீல்டுடிஸ்பிளே மாறியை 1 ஆக்கி ஒவ்வொரு தாளையும் திறந்து பாருங்கள். ஃபீல்டு சாம்பல் பின்னணியில் தெரியும். பின்னணி இல்லாத எண் எல்லாம் கையால் எழுதியது. சாம்பல் அச்சில் வராது, எனவே அதை அணைத்து வைக்க எந்தக் காரணமும் இல்லை. பொறுமையாகச் செய்ய வேண்டிய சோதனை இது. ஆனால் இதைவிட நம்பகமான ஒன்று இல்லை.

வழியில் உடைந்தவை

லேஅவுட் ஏற்கெனவே வேறு தொகுப்பில் இருக்கிறது என்ற மறுப்பு முதலில் வந்தது. ஒரு லேஅவுட் ஒரே ஒரு ஷீட் செட்டில்தான் இருக்க முடியும். பரிசோதனைக்காக உருவாக்கிக் கைவிட்ட பழைய தொகுப்பு ஒன்று எங்கோ இருந்தது. அதைத் திறந்து அந்தத் தாள்களை நீக்கிய பிறகு இறக்குமதி நடந்தது.

எண் கட்டத்தில் #### என்று தெரிந்தால் ஃபீல்டுக்குத் தன் மூலம் கிடைக்கவில்லை என்று பொருள். டிஎஸ்டி கோப்பு இடம் மாறியிருக்கலாம், அல்லது தாள் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். எஸ்எஸ்எம்ஆட்டோஓபன் மாறி 1 ஆக இருந்தால் தாளைத் திறக்கும்போதே தொகுப்பும் திறக்கும். 0 ஆக இருந்தால் நாமே திறக்க வேண்டும். ஃபீல்டுஈவல் மாறியின் இயல்பு மதிப்பு 31. திறத்தல், சேமித்தல், அச்சிடுதல், இ-டிரான்ஸ்மிட் (கோப்புகளைப் பொட்டலமாக்குதல்), ரீஜென் (திரையில் மீண்டும் வரைதல்) ஆகிய ஐந்து தருணங்களிலும் ஃபீல்டு புதுப்பிக்கப்படும் என்பதே அதன் அர்த்தம். வேகத்துக்காக இதை 0 ஆக்கி மறந்துவிட்ட கோப்பில், பழைய எண் மௌனமாக நின்றுகொண்டிருக்கும். #### கண்ணை உறுத்தும். இந்த மௌனம் உறுத்தாது.

கோப்புலாவியில் யாரோ ஒரு தாளின் பெயரை மாற்றியதும் பலகத்தில் அந்தத் தாள் காணாமல் போனதாகக் காட்டியது. ஷீட் பிராப்பர்ட்டீஸில் 'எக்ஸ்பெக்டட் லேஅவுட்', 'ஃபவுண்ட் லேஅவுட்' என்று இரண்டு வரிகள் உண்டு. எதிர்பார்த்த பாதையும் கண்ட பாதையும் வேறாக இருந்தால் அங்கேயே தெரியும், அங்கேயே திருத்தலாம். முழுத் திட்டக் கோப்புறையையும் நகலெடுத்து அடுத்த திட்டத்தைத் தொடங்குபவர்கள் இந்த இரண்டு வரிகளை அவசியம் பார்க்க வேண்டும். பழைய கோப்புறை அதே இடத்தில் இருக்கும்போது, நகல் டிஎஸ்டியில் உள்ள தாள்கள் பழைய கோப்புகளையே சுட்டக்கூடும். தெரியாமல் பழைய திட்டத்தைத் திருத்திவிடுவோம். பாதைகளைச் சரிபார்த்த பின் 'ரீசேவ் ஆல் ஷீட்ஸ்' கொடுத்தால், ஒவ்வொரு வரைபடக் கோப்புக்குள்ளும் இருக்கும் தொகுப்பு விவரம் புதுப்பிக்கப்படும்.

பூட்டுச் சிக்கல் சிறியது. ஒருவர் தொகுப்பில் மாற்றம் செய்யும் சில நொடிகளுக்கு டிஎஸ்டி பூட்டப்படும், பிறகு தானே விடுபடும். விடுபடாமல் நின்றால், கோப்புறையில் எழுதும் உரிமை இல்லாதவர் திறந்திருக்கிறாரா என்றும், கணினி செயலிழந்து போனதால் மிஞ்சிய பூட்டுக் கோப்பு கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மாடல் கோப்பில் அறைகலன்களுக்குப் புதிய லேயர் (வரைபட அடுக்கு) ஒன்று சேர்க்கப்பட்டது. மறுநாள் கூரை உட்பக்கத் தாள் நான்கிலும் மேசை நாற்காலிகள். விஸ்ரீடெயின் மாறி 1 ஆக இருக்கும்போது, தாளில் நாம் செய்த லேயர் அமைப்புகள் நினைவில் நிற்கும். ஆனால் நினைவில் இல்லாத புதிய லேயர் ஒளிர்ந்த நிலையில்தான் வரும். லேயர்ஈவல் மாறியை 1 ஆக்கினால் எக்ஸ்ரெஃப் வழியாக வரும் புதிய லேயர்களை ஆட்டோகேட் அடையாளம் காணும்; லேயர்நோட்டிஃபை அமைப்பின்படி எச்சரிக்கையும் வரும்.

பட்டியல், வெளியீடு

முதல் தாளின் வரைபடப் பட்டியல் 'இன்சர்ட் ஷீட் லிஸ்ட் டேபிள்' மூலம் வந்தது. தலைப்பு மாறினால் அதில் உள்ள ஃபீல்டு மாறும். புதிய தாளுக்கான வரி தானாக வராது. பட்டியலைத் தேர்ந்தெடுத்து 'அப்டேட் ஷீட் லிஸ்ட் டேபிள்' கொடுக்க வேண்டும். அப்போது கட்டங்களில் கையால் செய்த திருத்தம் எல்லாம் போய்விடும், ஆகவே பட்டியலுக்குள் எதையும் எழுதாதீர்கள்.

வெளியீட்டுக்கு, பேஜ் செட்டப்கள் (அச்சு அமைப்புகள்) வைத்த ஒரு டெம்ப்ளேட் கோப்பை ஷீட் செட் பண்புகளில் 'பேஜ் செட்டப் ஓவர்ரைட்ஸ்' என்று சுட்டினால், 41 தாளுக்கும் ஒரே அமைப்பில் பிடிஎஃப் எடுக்கலாம். சில தாள்களில் கோட்டுத் தடிமன் தவறாக வந்தால், அவை வண்ணம் சார்ந்த பிளாட் ஸ்டைலில் (அச்சில் கோடு எப்படி வரும் என்று தீர்மானிக்கும் அமைப்பு) இல்லாமல் பெயர் சார்ந்த பிளாட் ஸ்டைலில் உருவானவையா என்று பாருங்கள். இரண்டு முறையும் ஒரே ஓவர்ரைடில் சேராது.

தாளின் அளவு ஏ1, அதாவது 594 × 841 மில்லிமீட்டர். ஐஎஸ்ஓ 5457 தரப்படி இடது ஓரம் 20, மற்ற ஓரங்கள் 10 மில்லிமீட்டர். சரிபார்ப்புப் படிகள் ஏ3இல் எடுக்கப்படும். அது நீளத்தில் சரிபாதி. 2.5 மில்லிமீட்டர் எழுத்து 1.25 ஆகச் சுருங்கும், 1:100 படம் 1:200 ஆகும். லேபிளின் ஃபீல்டு மட்டும் 1:100 என்றே சொல்லிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அது வியூபோர்ட்டைக் கேட்கிறது, காகிதத்தைக் கேட்பதில்லை. எனவே லேபிளில் '1:100, ஏ1 தாளில்' என்று சேர்த்து, ஒவ்வொரு பிளானிலும் அளவுக் கோல் ஒன்றையும் வரைந்துவிட வேண்டும்.

சோதனை

முடிந்ததாகச் சொல்வதற்கு முன் தொகுப்பை வேண்டுமென்றே குலைத்துப் பார்க்க வேண்டும். ஏ-304 என்று ஒரு வெற்றுத் தாள் சேர்க்கப்பட்டது. ஏ-501க்கு ஏ-599 என்று தற்காலிக எண் கொடுக்கப்பட்டது. ஏ-102ஐத் திறந்தபோது படிக்கட்டின் குறி 2, ஏ-599 என்று காட்டியது; குறியின் மேல் கண்ட்ரோல் அழுத்தி கிளிக் செய்தால் அந்தத் தாளே திறந்தது. பட்டியலைப் புதுப்பித்ததும் 42 வரிகள். ஆனால் ஏ-401இல் ஒரு குறிப்பு இன்னும் ஏ-501 என்றே சொன்னது. சாம்பல் சோதனையில் அது தப்பியதற்குக் காரணம், அந்த வாசகம் தாளில் இல்லை, மாடல் கோப்புக்குள் இருந்தது. அங்கிருந்து நீக்கி, தாளின் பேப்பர் ஸ்பேஸில் ஃபீல்டோடு மீண்டும் எழுதப்பட்டது. பிறகு ஏ-599 மீண்டும் ஏ-501 ஆனது. ஏ-304 நீக்கப்பட்டது, அதன் கோப்பும் தனியாக அழிக்கப்பட்டது.

வெளியே அனுப்பும் பொட்டலத்தை ஷீட் செட் மேனேஜரின் இ-டிரான்ஸ்மிட்டில் எடுங்கள்; தாள்கள், எக்ஸ்ரெஃப்கள், பிளாட் ஸ்டைல் கோப்பு, டிஎஸ்டி எல்லாம் ஒன்றாக வரும். டிஎஸ்டி இல்லாமல் வரைபடங்களை மட்டும் அனுப்பினால், பெறுபவர் கோப்பைத் திறந்ததும் ஃபீல்டுகள் புதுப்பிக்க முயன்று #### ஆகிவிடும். பொட்டலத்தைப் பொது வட்டில் பிரித்துப் பார்ப்பது போதாது; அங்கே பழைய பாதைகள் இன்னும் உயிரோடு இருப்பதால் எல்லாம் சரியாகவே தெரியும். நெட்வொர்க்கிலிருந்து துண்டித்த ஒரு கணினியில் பிரித்து, ஏ-102ஐயும் ஏ-501ஐயும் பட்டியல் தாளையும் திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள்.